டெல்டா புழுக்கத்தில் பார்க்கூரும் ரோடு சைக்கிளும்: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வெண்ணாற்றங்கரை

வணக்கம் நண்பர்களே. பெங்களூரில் இருந்தவரை பார்க்கூர் பழகினேன், சுவர், கம்பி என்று வழியில் வருவதையெல்லாம் தாவியும் ஏறியும் கடக்கும் பயிற்சி அது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரோடு பைக்கில் நந்தி மலை ஏறுவேன். இப்போது வீட்டிலிருந்தே வேலை என்றாகி மன்னார்குடிக்கு வந்துவிட்டேன், அதுவும் சித்திரையில். அங்கே ஒரு மணி நேரம் தாவிக் குதித்தாலும் மூச்சு மட்டும்தான் வாங்கும். இங்கே கொஞ்ச நேரத்திலேயே பனியனைப் பிழியலாம், தலை கிறுகிறுக்கிறது. சைக்கிளில் போய்க்கொண்டிருக்கும்போது பரவாயில்லை. ரயில்வே கேட்டில் நின்றால் கண் இருட்டுகிறது. போனில் பார்த்தால் 35 டிகிரிதான் காட்டுகிறது. பெங்களூரிலும் கோடையில் அவ்வளவு வரும்தானே?

நான் கேட்க நினைப்பது இதுதான். பயிற்சிக்குக் காலை நல்லதா, மாலை நல்லதா? பார்க்கூருக்கு நம் பக்கம் எங்கே இடம் இருக்கிறது? தஞ்சாவூரில் பெரிய கோயிலை ஒட்டிய கோட்டைச் சுவரும் அகழியும் அருமையாக இருக்கின்றன, அங்கே யாராவது பழகுகிறீர்களா? என் வண்டியில் இருப்பது 25 மி.மீ. டயர். நம் ரோட்டுக்கு அது தாங்குமா?

குடந்தை மிதிவண்டி

வாங்க தம்பி. டிகிரியை மட்டும் பார்த்தால் டெல்டா வெயில் பிடிபடாது. தெர்மாமீட்டர் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி வைத்தால் என்ன காட்டுமோ அதுதான் நமக்கு வேண்டிய கணக்கு. ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். 40 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் அது 23 பக்கம் நிற்கும். 35 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் 30-ஐத் தொட்டுவிடும். உடம்புக்கு இரண்டாவதுதான் கொடுமை. ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். சொட்டிக் கீழே விழுந்த வியர்வையால் ஒரு பிரயோஜனமும் கிடையாது, தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ராத்திரியில் உடம்பு ஆறிவிடும். நமக்கு அக்னி நட்சத்திரத்தில் ராத்திரியும் புழுக்கம்தான்.

கேட்டில் கண் இருட்டுவதற்குக் காரணம் இரண்டு. 28, 30 கி.மீ. வேகத்தில் போகும்போது நீங்களே உண்டாக்கிக்கொள்ளும் காற்று வியர்வையை உலர்த்துகிறது. நின்றதும் அது போய்விடுகிறது. அதோடு, மிதிக்கும்போது கால் தசை இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், நின்றால் அதுவும் நின்றுவிடும். அதனால் கேட் மூடியிருப்பது தெரிந்தால் முன்னாலேயே வேகத்தைக் குறைத்து மெதுவாக உருட்டிக்கொண்டு வாருங்கள். இறங்கிய பிறகும் அங்கேயே இரண்டு நடை நடங்கள்.

நேரம் காலைதான். விடியலில் ஈரப்பதம் 90 சதவீதம் என்று காட்டும், அதைப் பார்த்து மிரள வேண்டாம். சூடு குறைவாக இருப்பதால் இருக்கிற நேரத்தில் அதுதான் நல்ல நேரம். மாலையில் சிமெண்டும் தாரும் பகல் முழுக்க வாங்கிய சூட்டைத் திருப்பிக் கக்கிக்கொண்டிருக்கும்.

பெருவுடையார் வீதி

கோட்டைச் சுவர் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில். வேண்டாம். பெரிய கோயில் 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004-இல் சேர்ந்தன. பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சேதப்படுத்துவது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள். பழைய செங்கல் சுண்ணாம்புக் கட்டுமானத்தில் ஒருவர் ஓடிவந்து காலை ஊன்றினால் பூச்சு உதிரும். நாளைக்கு அதே இடத்தில் பத்துப் பேர் ஊன்றுவார்கள். மழைத் தண்ணீர் உள்ளே இறங்க அந்த ஓட்டை போதும், அப்புறம் ஆலஞ்செடி முளைக்கும். நூற்றாண்டுக் கணக்கில் நின்றதை ஒரு ரீல்ஸுக்காக உதிர்க்கக் கூடாது. கோயில் மதில், மண்டபம், குளப்படி எல்லாவற்றுக்கும் இதுதான். உங்களைக் குறை சொல்லவில்லை தம்பி, கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தீர்களே, அதுவே பெரிது.

தாவும் தஞ்சை

மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். பார்க்கூர் பிறந்த கதையைப் பார்த்தாலும் பழஞ்சின்னம் எதுவும் தேவைப்படவில்லை. பாரிஸுக்குத் தெற்கே லிஸ் என்ற சிறிய ஊரிலும் பக்கத்து எவ்ரியிலும், புதிதாகக் கட்டிய கான்கிரீட் குடியிருப்புகளில்தான் டேவிட் பெல், செபாஸ்டியன் ஃபூகான், யமகாசி என்ற குழுவினர் எல்லாம் பழகினார்கள். டேவிடுக்கு வழிகாட்டியவர் அவர் அப்பா ரேமோன் பெல். அவர் வியட்நாமில் பிறந்து வளர்ந்து, பிறகு பாரிஸ் தீயணைப்புப் படையில் வேலை பார்த்தவர். அவருக்கும் முன்னால் ஜார்ஜ் எபேர் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. 1902-இல் கரீபியன் தீவான மார்த்தினிக்கில் எரிமலை வெடித்து ஊரே அழிந்தபோது ஜனங்களை மீட்டவர்களில் அவரும் ஒருவர். கப்பலில் போன வெப்ப நாடுகளில், தினசரி வேலையாலேயே உடம்பு தேறிய மக்களைக் கவனித்துத்தான் ஓட்டம், தாவல், ஏறுதல், நாலு காலில் நடத்தல், சுமத்தல் என்று தன் பயிற்சி முறையை அமைத்தார். பயன்படுவதற்காகவே வலிமை வேண்டும் என்பது அவர் கொள்கை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இது குளிர் நாட்டு விளையாட்டு, நமக்கு ஒத்துவராது என்று இங்கே பலர் சொல்லக் கேட்கிறேன். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. நடவு நாளில் ஒரு சாண் வரப்பில், சேறு வழுக்க வழுக்க, தலையில் நாற்றுக்கட்டுடன் போகும் அக்காக்களின் காலைப் பாருங்கள். முன்பாதத்தை முதலில் வைத்து, பிடிப்பு தெரிந்த பிறகே எடையை இறக்குவார்கள். பார்க்கூரில் கம்பி மேல் நடக்கக் கற்றுத்தருவதும் அதுதான். தென்னை ஏறுகிறவரிடம் ஒரு காலை நேரம் நின்று பார்த்தால், கையால் தொங்காமல் காலால் ஏறுவது எப்படி என்று விளங்கும்.

இடத்துக்கு வருகிறேன். கதிரடிக்கும் களம்தான் என் முதல் சிபாரிசு. அறுவடை இல்லாத மாதங்களில் சும்மாதான் கிடக்கும், சிமெண்டுத் தளம், சுற்றிலும் வெட்டவெளி, காற்று வரும். ஊர்ப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். அடுத்தது வாய்க்கால் பாலங்களின் மதகுக் கட்டை. இடுப்புயரம், அகலமான தலைப்பு, தாண்டிப் பழக ஏற்றது. ஆனால் வண்டி அதிகம் வராத வயல் ரோட்டில் இருக்க வேண்டும், அந்தப் பக்கம் எவ்வளவு பள்ளம் என்று இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். உருளப் பழக ஆற்று மணல். கோடையில் காவிரியும் வெண்ணாறும் வறண்டு கிடக்கும்போது காலை ஆறு மணிக்கு மணல் குளிர்ந்திருக்கும், தோளில் உருள இதைவிட நல்ல மெத்தை கிடையாது. ஆனால் குதித்து இறங்க மணல் வேண்டாம். பாதம் ஒருபக்கமாகப் புதைந்தால் கணுக்கால் மடங்கிவிடும். வைக்கோல் போரிலும் குதிக்காதீர்கள், உள்ளே பாம்பு இருக்கும், கழியும் செருகியிருக்கும்.

சுவர் விஷயத்தில் மட்டும் ரொம்பக் கண்டிப்பாக இருங்கள். இப்போது மனையைச் சுற்றி ஹாலோ பிளாக்கில் எழுப்பும் சுவர்களில் பெரும்பாலும் உள்ளே கம்பி இருக்காது. ஓடிவந்து தொங்கினால் சுவரோடு சாய்வீர்கள், கல் நெஞ்சின் மேல் விழும். முதலில் இரண்டு கையாலும் தள்ளிப் பாருங்கள். மேல்வரிசைக் கல் ஆடுகிறதா, அடியில் ஓதம் ஏறி உதிர்கிறதா, பாசி இருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பாருங்கள். மார்கழியில் பனி இறங்கிய இரும்புக் கம்பி சோப்பு போட்ட மாதிரி இருக்கும். சித்திரையில் அதே கம்பி மத்தியானம் கையைச் சுட்டுவிடும். உள்ளங்கை வியர்ப்பதற்குப் பருத்தித் துண்டு ஒன்று இடுப்பில் இருக்கட்டும், ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால் துடையுங்கள்.

பல்டி அடிக்கும் ஃப்ரீ ரன்னிங்கை முதல் வருஷம் தொட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பார்க்கூர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சிக்கனமாகப் போய்ச் சேர்வது. ஃபூகான் வழியில் வளர்ந்த ஃப்ரீ ரன்னிங்கில் அழகுக்காகச் சுழலலாம், புரளலாம். களைத்த உடம்போடு காற்றில் தலைகீழாகப் போகும்போது எங்கே தரை இருக்கிறது என்ற உணர்வு மழுங்கிவிடும். புழுக்கத்தில் அந்தக் களைப்பு நாம் நினைப்பதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது.

வெண்ணாற்றங்கரை

அண்ணா, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. கோட்டைச் சுவர் யோசனையை விட்டுவிட்டேன். எங்கள் தெருக்கோடியிலேயே ஒரு களம் இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன். ஒரு தயக்கம்: சுவர் ஏறுகிறவனைப் பார்த்தால் ஜனங்கள் திருடன் என்று நினைக்க மாட்டார்களா?

தாவும் தஞ்சை

நினைப்பார்கள், அது நியாயமும்கூட. இருட்டில் பழகாதீர்கள், முகத்தை மூடித் துணி கட்டாதீர்கள், தனியாகப் போகாதீர்கள். யாராவது என்ன தம்பி என்று கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள். நாலு நாள் கழித்து அவர்களே பையனை அனுப்பிவைப்பார்கள்.

ஆடுதுறை 43

நான் விவசாயி, சைக்கிள்காரர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்கிறேன். ரோட்டில் நெல் காய்வதைப் பார்த்து எரிச்சல்படுகிறீர்கள், புரிகிறது. நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் வழக்கமாக எடுப்பதில்லை. குறுவை அறுக்கும் நேரத்தில் மழை மிரட்டும், களம் போதாது, தார்ரோட்டைத் தவிர எங்கே போவது? காய்ந்த நெல் மேல் மெல்லிய டயர் ஏறினால் வழுக்கும், பிரேக் பிடித்தால் ஆள் ஒருபக்கம் வண்டி ஒருபக்கம். ஓரத்தில் கருங்கல் வைத்திருப்போம், இருட்டினால் அது கண்ணுக்குத் தெரியாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், பத்தடிதான். நாற்றங்கால், நடவு நாட்களில் டிராக்டர் இறக்கிய சேறு வளைவுகளில் கிடக்கும், அதையும் கவனியுங்கள்.

அப்புறம், வயலில் வேலை செய்பவர்களின் கடிகாரத்தைப் பின்பற்றுங்கள். விடியும் முன் இறங்கி, வெயில் ஏறும்போது கரையேறி, நீராகாரத்தில் உப்புப் போட்டுச் சின்ன வெங்காயத்தோடு குடித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். இந்த உப்பும் இந்த நிழலும் சும்மா வந்த பழக்கம் இல்லை.

வேகமே விரதம்

இதற்கெல்லாம் இவ்வளவு பேச்சா? பச்சைத் தண்ணீரை நிறையக் குடித்தால் போதும். மணிக்கு இரண்டு லிட்டர் குடித்துக்கொண்டே மிதித்தால் வெயில் என்ன செய்யும்?

திருவாரூர் செவிலி

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் தம்பி. வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும். முதலில் தலைவலி, குமட்டல், அப்புறம் குழப்பம், முற்றினால் வலிப்பு. வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், அது நிலைமையை மோசமாக்கும்.

எவ்வளவு குடிப்பது என்று தெரிய ஒரு சுலபமான வழி: கிளம்பும் முன்னும் வந்த பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் குறைவாகக் குடித்திருக்கிறீர்கள். எடை ஏறியிருந்தால் அதிகமாகக் குடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பு போட்ட நீர்மோரும் நல்லது. இளநீர் குடியுங்கள், ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. நீண்ட ஓட்டத்தில் அதை மட்டும் நம்பாதீர்கள்.

வெண்ணாற்றங்கரை தம்பிக்கு: உங்கள் உடம்பு இந்த ஊருக்குப் பழக இரண்டு வாரமாவது ஆகும். அந்த நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் உப்பு குறையும். முதல் வாரம் பெங்களூரில் செய்ததில் பாதி செய்தால் போதும், தினமும் கொஞ்சம் ஏற்றுங்கள். நாள் முழுக்க ஏசி அறையில் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் 80 கி.மீ. போனால் உடம்பு பழகாது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கம் கெட்ட ராத்திரி, இதில் எது இருந்தாலும் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. கூட வந்தவர் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், தள்ளாடுகிறார், எரிந்து விழுகிறார் என்றால் அது வெப்பவாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். உள் உடம்பு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்த்துக்கொண்டிருக்கிறாரே என்று சமாதானம் ஆகாதீர்கள், உழைப்பால் வரும் வெப்பவாதத்தில் வியர்வை இருக்கும். 108-க்குச் சொல்லிவிட்டு உடனே குளிர்விக்கத் தொடங்குங்கள், வண்டி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நம் ஊரில் இதற்குப் பம்புசெட் தொட்டியைவிட நல்ல வசதி வேறு கிடையாது. தலையை வெளியே தாங்கிப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை அமிழ்த்துங்கள். தொட்டி இல்லையென்றால் குடம் குடமாக ஊற்றி, துண்டால் விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

மாயவரத்து அம்மா

படித்துக்கொண்டே வந்தேன். என் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். பார்க்கூர் வீடியோ பார்த்துவிட்டுத் திண்ணையிலிருந்து குதித்துக்கொண்டே இருக்கிறாள். தடுக்கவும் மனசில்லை, விடவும் பயமாக இருக்கிறது. இதெல்லாம் முறையான விளையாட்டுதானா?

தாவும் தஞ்சை

முறையானதுதான் அம்மா. 2017-இல் பிரிட்டனில் இதை விளையாட்டாக அங்கீகரித்தார்கள். சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு 2018-இல் சேர்த்துக்கொண்டது, முதல் உலகப் போட்டி 2022-இல் டோக்கியோவில் ஆண் பெண் இரு பிரிவுக்கும் நடந்தது. திண்ணை உயரமே அவளுக்கு இப்போது போதும். இறங்கும்போது சத்தம் வருகிறதா என்று மட்டும் கேளுங்கள். தொப்பென்று கேட்டால் குதிகாலில் விழுகிறாள், முழங்காலுக்குக் கெடுதல். முன்பாதத்தில் இறங்கி முழங்காலை மடக்கினால் சத்தமே வராது. சத்தம் அடங்கும்வரை உயரத்தைக் கூட்ட வேண்டாம். பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித்தரும் ஆசிரியர் இருந்தால் உருள்வதை அவரிடம் கற்கட்டும்.

திருவாரூர் செவிலி

பெண் பிள்ளைக்கு உடை பற்றியும் சொல்கிறேன் அக்கா. தளர்வான முழுக்கால் உடை, மெல்லிய முழுக்கைச் சட்டை. தனியாக வேண்டாம், தோழிகளோடு பள்ளி மைதானத்தில் காலையில் போகட்டும். பயிற்சி நேரத்தில் கழிப்பறை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாததால் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள், வெயிலில் அதுதான் ஆபத்து.

நாகை உப்புக்காற்று

சைக்கிள் பக்கம் வருவோம். நம் ஊர் தட்டையாகத்தானே இருக்கிறது, சுலபம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். இறக்கமே இல்லாததால் காலுக்கு ஓய்வும் இல்லை, தூரம் முழுக்க மிதித்தாக வேண்டும். காற்றுதான் நம் ஊர் மலை. ஆனி ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் 25 கி.மீ. பறந்து வந்துவிடுவீர்கள், திரும்பும்போது அதே தூரம் இரண்டு மடங்காகத் தெரியும். அதனால் போகும்போது எதிர்காற்றில் மேற்கே போய்விட்டு, களைத்த பிறகு காற்றோடு திரும்புவது என் வழக்கம். கோடையில் கடலோரம் மத்தியானத்துக்குமேல் கடற்காற்று எழும், மாலை ஓட்டத்துக்கு எங்கள் பக்கம் அதனால்தான் கொஞ்சம் தேவலை.

கடலோரம் ஓட்டினால் வீட்டுக்கு வந்ததும் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து ஹேண்டில்பார் டேப்புக்கு அடியிலும் ஸ்போக் முனையிலும் சத்தமில்லாமல் அரிக்கும்.

கொள்ளிடக்கரை

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. பார்க்கூர் பையன்கள் சிலர் பாலத்திலிருந்து ஆற்றில் குதிப்பதையும் இதில் சேர்த்துக்கொள்கிறார்கள். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் நம் பக்கம் வந்ததும் ஆசை வரும். போன வருஷம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த வருஷம் மணல் மேடு இருக்கும், மணல் அள்ளிய இடத்தில் சுழல் இருக்கும். கலங்கல் தண்ணீரில் அடியில் இருப்பது தெரியாது. தலைகீழாகக் குதித்துக் கழுத்தெலும்பு நொறுங்கினால் வாழ்நாள் முழுக்கப் படுக்கை. ஷட்டர் பக்கமும் போகாதீர்கள், திறந்திருக்கும் கதவின் இழுப்பிலிருந்து நீச்சல் தெரிந்தவனாலும் மீள முடியாது. நீந்தத் தெரியும் என்பதும் ஆற்றைத் தெரியும் என்பதும் ஒன்றில்லை.

வெண்ணாற்றங்கரை

களத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. காலையில் ஐந்தரைக்குப் போகிறேன், பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் கூட வருகிறார்கள். இப்போதைக்கு வரப்பில் நடப்பது, நாலு காலில் நடப்பது, களத்து மேட்டிலிருந்து சத்தமில்லாமல் இறங்குவது, அவ்வளவுதான். நீர்மோரில் உப்புப் போட்டு எடுத்துப் போகிறேன், கிறுகிறுப்பு குறைந்திருக்கிறது. தை மாசம் கல்லணையிலிருந்து பூம்புகார் வரை ஒரே நாளில் மிதிக்க ஆசை. டயர் கேள்வி மட்டும் பாக்கி இருக்கிறது.

குடந்தை மிதிவண்டி

25 மி.மீ. வேண்டாம் தம்பி. உங்கள் ஃபிரேமில் இடம் இருந்தால் 32, இல்லாவிட்டால் 28. அகலமான டயரில் காற்றைக் குறைத்து வைக்கலாம், நம் ரோட்டில் அதுதான் கைக்கும் முதுகுக்கும் நல்லது. வெயிலில் நிறுத்தினால் டயருக்குள் அழுத்தம் ஏறும், அதனால் டயரின் பக்கத்தில் போட்டிருக்கும் உச்ச அளவுக்கு அடிக்காதீர்கள். ஆற்றங்கரை ரோட்டில் சீமைக்கருவேல முள் கிடக்கும், ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவத்தை உள்ளே ஊற்றிய டியூப்லெஸ் போட்டால் பாதித் தொல்லை தீரும். இல்லையென்றால் இரண்டு டியூப், ஒரு கைப்பம்பு. பஞ்சர் கடைக்காரர் நம் மெல்லிய வால்வுக்குப் பம்பு வைத்திருக்க மாட்டார், அதற்கான அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முள்ளை டயரிலிருந்து எடுக்காமல் புது டியூபை மாட்டிவிடாதீர்கள், உள்பக்கம் விரலைச் சுற்றிவரத் தடவிப் பாருங்கள்.

கல்லணை பூம்புகார் ரோடு மாநில நெடுஞ்சாலை 22. திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கும், தண்ணீருக்குக் கவலை இல்லை. பொங்கல் கழித்துப் போங்கள், சம்பா அறுவடை நேரம் என்பதால் நெல் காயும், நிதானமாக வாருங்கள். விடியற்காலை கல்லணையில் பனி இருக்கும், பின்விளக்கை எரியவிட்டே கிளம்புங்கள். கும்பகோணம் வரும்போது இங்கேயே ஒரு செய்தி போடுங்கள், மாயவரம் வரை நானும் கூட வருகிறேன்.